வண்டியையும் வரப்பு சுற்றிப் பாருங்கள்

எங்கள் பக்கத்து இயற்கை உழவர்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் கொல்லையில் கூடிப் பேசுவது வழக்கம். விதை, பஞ்சகவ்யம், பூச்சிவிரட்டி, விலை என்று பேச்சு போகும். சென்ற கூட்டத்தில், புதிதாக வந்த தம்பி ஒருவர் ஒரு கேள்வி போட்டார்.

"விதை நம்முது, எரு நம்முது, பூச்சிவிரட்டி நம்முது. இடுபொருளுக்குக் கடை வாசல மிதிக்கக் கூடாதுன்னு சொல்றீங்க. ஆனா பைக்ல செயின் லூஸானாக்கூட பட்டறை வாசல்லதான நிக்கிறோம்? அதுல ஏன் சார் தற்சார்பு இல்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை எனக்கு நானே கேட்டு, பதிலைத் தப்பாகப் புரிந்துகொண்டு, என் மனைவியின் மணிக்கட்டு எலும்பு முறியக் காரணமானவன் நான். அந்தக் கதையையும், அதன் பிறகு நான் கற்றுக்கொண்ட கணக்கையும் அந்தத் தம்பிக்காகவே இங்கே எழுதுகிறேன்.

நம் காலத்து மாட்டுவண்டி

செஞ்சியில் காலை ஆறு மணிக்குக் கோட்டை அடிவாரத்தில் நின்று பாருங்கள். திருவண்ணாமலை ரோட்டிலும் திண்டிவனம் ரோட்டிலும் பால் கேன், கீரைக்கட்டு, புல்லுக்கட்டு, மல்லாட்டை மூட்டை எல்லாம் இரண்டு சக்கரத்தில்தான் வருகின்றன. பெரிய விவசாயி நெல்லை டிராக்டரில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஏற்றிவிடுவார். ஒன்றரை ஏக்கர்காரருக்கு டிராக்டர் வாடகை கட்டாது. அவருடைய இரண்டு மூட்டையும் எக்ஸ்எல் வண்டியில்தான் போகும்.

1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இரண்டு பேர் உட்காரும் மொபெட் அப்போது நம் நாட்டுக்குப் புதிது. கியர் போடத் தெரியாதவரும் ஓட்டலாம். ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவே மூட்டையைச் செருகலாம். அந்த வழியில் வந்ததுதான் எக்ஸ்எல். பெட்ரோலில் டூ-டி ஆயில் கலந்து ஓட்டிய காலம் பலருக்கு நினைவிருக்கும். 2015-ல் ஃபோர்-ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தபின் அந்தக் கலக்கும் வேலை போயிற்று. ஆனால் அதோடு வேறு ஒரு வேலை வந்தது: இன்ஜினுக்குள் தனியாக இருக்கும் ஆயிலின் அளவைப் பார்ப்பது. "இதுக்குதான் ஆயில் ஊத்தவே வேணாமே" என்று நினைத்து ஓட்டி, இன்ஜினைக் கெடுத்துக்கொண்டவர்களை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

இந்த வண்டிக்கு முன்னால் எங்கள் வீட்டில் கட்டை வண்டி இருந்தது. மாட்டைப் பூட்டுவதற்கு முன் அப்பா இரண்டு சக்கரத்தின் கடையாணியையும் கையால் தொட்டுப் பார்ப்பார். அச்சுக்கு மை இருக்கிறதா என்று பார்ப்பார். அதற்காக அவர் தச்சுவேலை செய்ததில்லை. ஆரக்கால் ஆடினால், பட்டை தளர்ந்தால் தச்சரிடமும் கொல்லரிடமும்தான் போவார். ஆனால் தொட்டுப் பார்க்கிற வேலையை யாரிடமும் விட்டதில்லை. இதை நான் சின்ன வயதில் தினமும் பார்த்தவன். பார்த்தும் மறந்துவிட்டேன்.

கொட்டாங்குச்சியில் கிடந்த பின்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று நிலத்துக்கு வந்த புதிதில் எனக்கு எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டும் என்ற வேகம் இருந்தது. ஸ்பானர் செட் ஒன்று வாங்கினேன். 100 சிசி பைக்கின் செயினை இறுக்கினேன், பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், சரியாகவே வந்தது. தைரியம் வந்து, ஒருநாள் பின்சக்கரத்தையே கழற்றி பிரேக் டிரம்மைச் சுத்தம் செய்தேன்.

பின் பிரேக் பிளேட், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் இருக்க ஒரு கம்பி அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதன் முனையில் ஒரு போல்ட், நட்டு. நட்டு கழலாமல் இருக்க ஒரு ஸ்பிளிட் பின். நான் மாட்டும்போது நட்டை விரலால் திருகிவிட்டு, "கடைசியில் ஸ்பானர் போட்டுக்கலாம்" என்று நினைத்தேன். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. மோட்டார் போட ஓடினேன். திரும்பி வந்து சக்கரத்தின் பெரிய நட்டை இறுக்கி, பிரேக்கை மிதித்துப் பார்த்து, வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன்.

இரண்டு வாரம் வண்டி நன்றாகவே ஓடியது. ஓட ஓட அந்த நட்டு கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. மேல்மலையனூர் கோயிலுக்கு மனைவியைப் பின்னால் உட்காரவைத்துப் போகும்போது ஓர் ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். பிடிமானம் இல்லாத பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றியது. பிரேக் ராடு வளைந்து, சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. வண்டி சாய்ந்தது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவர் இடது கையை ஊன்றி விழுந்தார். ஆறு வாரம் மாவுக்கட்டு.

வண்டியை எடுத்துப் போன செஞ்சிப் பட்டறைக்காரர் குனிந்து ஒரு நிமிஷம் பார்த்தார். "இன்னா சார், இந்தக் கம்பிக்கு நட்டு எங்க? பின்னு எங்க?"

பின் வீட்டில்தான் இருந்தது. கொட்டாங்குச்சியில் போட்டு வைத்த மற்ற திருகாணிகளோடு கிடந்தது. அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது என்று பழமொழி சொல்லத் தெரிந்த எனக்கு, என் வண்டியின் அச்சாணியைப் பார்க்கத் தெரியவில்லை.

மறுகோடிக்கு ஓடினேன்

பயந்துபோய் ஸ்பானர் செட்டைப் பரண்மேல் போட்டேன். அடுத்த ஒரு வருடம் செயினுக்கு ஆயில் விடுவதற்குக்கூட பட்டறைக்குப் போனேன். அதிலும் பாடம் கிடைத்தது.

அமாவாசைக்கு முந்தின நாள் வண்டியை விட்டால் எந்தப் பட்டறையிலும் கூட்டம். மேல்மலையனூர் போகிற வண்டிகளெல்லாம் அன்றைக்குத்தான் வரும். "சாயங்காலம் வாங்க சார்" என்பார்கள். சாயங்காலம் "காலைல வாங்க". ஒருமுறை விடிகாலை அறுத்த கீரை வண்டி இல்லாமல் வீட்டிலேயே வாடிப்போனது. மாட்டுக்கு வைத்தேன்.

இன்னொன்று. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் சர்வீஸ் விட்டபோது பில்லில் ஏர் ஃபில்டர் மாற்றியதாகப் போட்டிருந்தது. பழைய ஃபில்டரின் ஓரத்தில் நான் பேனாவால் தேதி எழுதி வைத்திருந்தேன், வங்கிப் பழக்கம். வீட்டில் வந்து திறந்தால் அதே தேதி, அதே கையெழுத்து. எல்லாரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். என் செஞ்சிப் பட்டறைக்காரர் கழற்றிய பழைய சாமானை ஒரு காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார். ஆனால் என்ன செய்தார்கள் என்று பார்க்கத் தெரியாதவன், நல்லவரிடம் போனாலும் நல்லவரா என்று அறிய முடியாதவன்தான்.

மாவுக்கட்டு பிரித்த அன்றைக்கு என் மனைவி சொன்னதுதான் எனக்கு வழி காட்டியது. "ஏங்க, கொல்லைக்கு இன்னிக்கு தண்ணி கட்டினேன், நாளைக்கு களை எடுக்கணும்னு எல்லாத்தையும் நோட்டுல எழுதுறீங்க. தினமும் வரப்பு சுத்தி வர்றீங்க. வண்டிய மட்டும் ஏன் அப்படிப் பாக்கல?"

நடவுக்கு ஆள் வைக்கிறோம். அறுப்புக்கு இயந்திரம் கூப்பிடுகிறோம். அதனால் நாம் உழவர் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் வரப்பு சுற்றிப் பார்ப்பதற்கு ஆள் வைத்தவன் விளைச்சலை எடுத்ததில்லை. வண்டியும் அப்படித்தான். வேலையைப் பங்கு போடலாம். பார்வையைப் பங்கு போடக்கூடாது.

நாமே செய்ய வேண்டியவை

கொல்லையில் ஓடும் வண்டிக்கு ரோட்டில் ஓடும் வண்டியைவிடத் தூசியும் சேறும் சுமையும் அதிகம். கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே நம் வண்டிக்குக் கவனிப்பு தேவைப்படும். கீழே உள்ளவற்றுக்குப் பெரிய சாமான் வேண்டாம். பதற்றமில்லாத அரைமணி நேரம் வேண்டும்.

காற்று: வாரம் ஒருமுறை, காலையில் டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். எவ்வளவு என்று வண்டியின் புத்தகத்தில் இருக்கும். தனியாகப் போவதற்கு ஓர் அளவு, பின்னால் ஆளோ சுமையோ இருந்தால் வேறு அளவு. மூட்டை ஏற்றுகிறவர்கள் இந்த இரண்டாவது அளவைப் பார்ப்பதே இல்லை. காற்று குறைந்தால் டயர் ஓரம் தேயும், பெட்ரோல் கூடச் செலவாகும், வளைவில் வண்டி அலையும்.

செயின்: கீழ்ப்பக்கச் செயினை நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பெரும்பாலான 100 சிசி வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் சரி; உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதைப் புத்தகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். செயின் முழுக்க மூடிய வண்டியில் பார்ப்பதற்கு ஒரு ரப்பர் மூடி இருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, 90 நம்பர் கியர் ஆயில் சில சொட்டு விட்டால் போதும். பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள். அதிலிருக்கும் அழுக்கும் உலோகத்தூளும் செயினைத் தேய்க்கும். செயினை இறுக்கினால் இரண்டு பக்கக் குறியும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இறுக்கியபின் பின் பிரேக்கின் ஆட்டமும் மாறியிருக்கும், அதையும் சரிபாருங்கள்.

ஏர் ஃபில்டர்: மல்லாட்டைச் செடி உலர்த்தும் காலத்திலும் நெல் தூற்றும் காலத்திலும் இது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஸ்பாஞ்சு வகையென்றால் மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டலாம். ஆயில் தோய்ந்த தாள் வகையைக் கழுவவும் கூடாது, காற்றடிக்கவும் கூடாது, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது ஓரத்தில் தேதி எழுதுங்கள்.

பிளக்: மண் பரிசோதனை மாதிரி இது இன்ஜினுக்கு. முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம். கறுப்புக் கரி படிந்திருந்தால் காற்று குறைவு அல்லது பெட்ரோல் அதிகம். முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்காக நனைந்திருந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே எரிகிறது, பட்டறைக்குப் போங்கள். வெள்ளையாக வெளுத்திருந்தால் இன்ஜின் அதிகம் சூடாகிறது. இன்ஜின் ஆறிய பிறகே கழற்றுங்கள். மாட்டும்போது முதலில் கையாலேயே திருகுங்கள். மரை தப்பினால் செலவு பெரிது.

ஆயில் அளவு: வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜின் நின்று சில நிமிஷம் கழித்து அளவுக்குச்சியில் பார்க்க வேண்டும். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும். மாதம் இரண்டு முறை பார்த்தால் போதும்.

பிரேக்: திறக்க வேண்டாம், பாருங்கள். பல டிரம் பிரேக் வண்டிகளில் பிரேக் கையின் பக்கத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுக்க மிதித்தபடி இன்னொருவரைப் பார்க்கச் சொன்னால், அம்புக்குறி பிளேட்டில் உள்ள குறியைத் தொட்டுவிட்டதா என்று தெரியும். தொட்டுவிட்டால் ஷூ தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். இந்தக் குறி வண்டியில் இருப்பது எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

கழுவுதல்: இது இயற்கை உழவர்களுக்கே உரிய தொல்லை. கோமியமும் ஜீவாமிர்தமும் கேனிலிருந்து சிந்தி செயினிலும் ஸ்போக்கிலும் சைலன்ஸர் மேலும் ஊறினால் துரு சீக்கிரம் பிடிக்கும். நிலத்துக்கு அமிர்தமாக இருப்பது இரும்புக்கு விஷம். கேன் ஏற்றிய அன்றைக்கே நல்ல தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

பட்டறைக்கு விட வேண்டியவை

பிரேக் டிரம் திறப்பது, சக்கர பேரிங், கிளட்ச் பிளேட், டேப்பெட், கார்புரேட்டர், ஃபோர்க். இவற்றுக்கு அளவுக்கருவியும் பழகிய கையும் வேண்டும். தப்பு நடந்தால் அந்தச் செலவு பணத்தோடு நிற்காது. என் வீட்டில் நிற்கவில்லை.

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்கும் பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது; பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கிறது. மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தால் அதைப் படிக்க ஸ்கேனர் வேண்டும். நாம் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கக் கூடாது. வேகமான தண்ணீரை ஒயர் இணைப்புகள் மேல் அடிக்கக் கூடாது. பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும் வண்டியில், கடைசிச் சொட்டு வரை ஓட்டுவதும் நல்லதல்ல. வாரண்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸை விடாமல் செய்து, பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வண்டியை வெளியே போட்டு வைத்து, டேங்க் மூடி வழியாக நீர் இறங்கினால், அடியில் நீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்துவிடும், வண்டி கிளம்பாது. கூரைக்குக் கீழே நிறுத்துங்கள். பழைய வண்டியென்றால் பெட்ரோல் டியூப் வெடித்திருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

ஆயிலை ஏன் பட்டறையில் மாற்றுகிறேன்?

இன்ஜின் ஆயில் மாற்றுவது சுலபமான வேலை. ஒரு போல்ட்தான். எனக்குச் செய்யத் தெரியும். ஆனாலும் செய்வதில்லை. காரணம் வண்டி அல்ல, மண்.

கழிவு ஆயிலில் உலோகத்தூளும் எரிந்த எண்ணெயின் நச்சும் இருக்கும். அரசின் 2016-ம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளில் இதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் நம் ஊர்களில் என்ன செய்கிறோம்? வேலி ஓரத்தில் ஊற்றுகிறோம், கறையானுக்கென்று மரத்தடியில் விடுகிறோம். ஒரு கைப்பிடி யூரியா போட மாட்டேன் என்று சபதம் எடுத்தவர் கொல்லையில், மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கறுப்பாக ஒரு திட்டு இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் திட்டில் புல் முளைக்கவில்லை. மழை பெய்தால் அது அங்கேயே நிற்கவும் போவதில்லை.

பட்டறையில் பழைய ஆயிலைப் பீப்பாயில் சேர்த்து, வாங்குகிறவர்களுக்கு விற்கிறார்கள். அதனால் நான் ஆயில் புட்டியை நானே வாங்கிப்போய், எதிரிலேயே மாற்றச் சொல்கிறேன். அன்றைக்கே பிரேக்கையும் திறந்து பார்த்துவிடச் சொல்கிறேன். வீட்டிலேயே மாற்றுகிறவர்கள் தட்டில் பிடித்து, கேனில் ஊற்றி, பட்டறைப் பீப்பாயில் கொண்டுபோய்ச் சேருங்கள். தற்சார்பு என்பதற்காக மண்ணைக் கெடுக்கக் கூடாது.

கணக்கு

என் நோட்டிலிருந்து சொல்கிறேன். எல்லாவற்றையும் பட்டறைக்கு விட்ட வருடம் ஆன செலவு 5,900 ரூபாய். பங்கு போட்டுச் செய்த சென்ற வருடம் 3,400. மிச்சம் 2,500. இந்தப் பணத்துக்காக மட்டும் என்றால் யாரும் கையை அழுக்காக்கிக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பக்கத்துப் பத்தியைப் பாருங்கள்: பட்டறை வாசலில் போன நாட்கள். முதல் வருடம் அரைநாள் அரைநாளாக ஒன்பது தடவை. சென்ற வருடம் மூன்று. அந்த மூன்றும் நான் தேர்ந்தெடுத்த நாட்கள். அறுப்பு இல்லாத, அமாவாசை இல்லாத நாட்கள். வழியில் வண்டி நின்றது ஒருமுறைகூட இல்லை. உழவனுக்கு மிச்சம் பிடிக்க வேண்டியது முதலில் நாள், காசு பிறகு.

ஒன்று மட்டும். பட்டறைக்காரரிடம் கூலியில் பேரம் பேசாதீர்கள். நம் கீரைக்கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? "என் பையன்கூட இந்த வேலைக்கு வர மாட்டேன்னுட்டான் சார்" என்கிறார் என் பட்டறைக்காரர். வேலை கற்க இப்போது பையன்களே வருவதில்லையாம். ஊரில் கொல்லர் பட்டறை மூடியபிறகு நாம் கொழு தீட்ட எவ்வளவு தூரம் அலைகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். இவரும் மூடிவிட்டால் நமக்கு மிஞ்சுவது திண்டிவனம் ஷோரூம்தான்.

அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம் வண்டியைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பாருங்கள். பார்த்ததை நோட்டில் எழுதுங்கள். ஏதாவது கழற்றினால், மாட்டியபின் இன்னொருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை என் மனைவியுடையது. நான் ஸ்பானரைக் கீழே வைத்ததும் வந்து, முதலில் கொட்டாங்குச்சியைத்தான் பார்ப்பார். அதில் ஏதாவது மிச்சம் இருந்தால் வண்டி கிளம்பாது.